எதிர்ப்பொருள் வருமுன்

ஒரு வைரஸை அடையாளம் கண்டு, அதற்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோன்ற எதிர்ப்பொருளை உருவாக்க உடலுக்கு ஒரு வாரமாவது பிடிக்கும். டெங்குக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை முறையிலேயே இதைப் பார்க்கலாம். காய்ச்சல் தொடங்கி 5 நாட்களுக்குள் வருபவருக்கு என்எஸ்1 பரிசோதனை செய்கிறார்கள். அது வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை. 5 நாள் கடந்து வருபவருக்கு ஐஜிஎம் பரிசோதனை. அது உடல் தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுவது. முதல் நாளே ஐஜிஎம் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. கொசு கடித்த நாளிலிருந்து கணக்கிட்டால் இடைவெளி இன்னும் நீளம். கடித்து 4 முதல் 10 நாட்கள் கழித்துத்தான் காய்ச்சலே தொடங்குகிறது.

அத்தனை நாளும் வைரஸ் சும்மா இருப்பதில்லை. இன்ஃப்ளுயன்சா வைரஸ் மூச்சுப்பாதையில் ஒரு செல்லுக்குள் புகுந்தால், 6 முதல் 8 மணி நேரத்தில் அதன் புதிய பிரதிகள் வெளியேறத் தொடங்கிவிடும். கேட்பார் இல்லாமல் இதே வேகத்தில் பெருகினால், எதிர்ப்பொருள் வந்து சேர்வதற்குள் காரியம் கைமீறிவிடும். பெரும்பாலான தொற்றுகளில் அப்படி ஆவதில்லை. பிறக்கும்போதே உடலில் அமைந்திருக்கும் பிறவி நோய்த்தடுப்பு இடையில் நின்று தாக்குப்பிடிக்கிறது. வைரஸ் நுழைந்த செல் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் வேதித் தகவல்களே அதன் முதுகெலும்பு. அந்தத் தகவல் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது, எப்போது ஓய்கிறது என்பதைப் பொறுத்தே தொற்று சளியோடு போகிறதா, தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போகிறதா என்பது பெருமளவுக்கு முடிவாகிறது.

முட்டைச் சவ்வில் கிடைத்த பொருள்

ஒரு வைரஸ் தொற்றியிருக்கும் செல்லில் இன்னொரு வைரஸ் எளிதில் தொற்றுவதில்லை என்பது 1950-களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இதற்குக் ‘குறுக்கீடு’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். காரணம் மட்டும் விளங்கவில்லை.

லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலிக் ஐசக்ஸும், ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஷான் லிண்டன்மானும் இதை ஆராய்ந்தார்கள். கரு வளரும் கோழி முட்டையின் ஓட்டுக்கு உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதைத் துண்டுகளாக வெட்டி, சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளுயன்சா வைரஸோடு ஊறவைத்தார்கள். பிறகு சவ்வை எடுத்துவிட்டு, ஊறிய திரவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் திரவத்தில் வைரஸையே பார்த்திராத புதிய சவ்வுத் துண்டைப் போட்டு, பின்னர் உயிருள்ள வைரஸைச் சேர்த்தபோது, புதிய சவ்வில் வைரஸால் சரியாகப் பெருக முடியவில்லை. பாதுகாப்பு தந்த ஏதோவொரு பொருளை முதல் சவ்வின் செல்கள் திரவத்தில் விட்டிருக்க வேண்டும். 1957-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் குறுக்கீட்டுக்கான ஆங்கிலச் சொல்லை ஒட்டி அதற்கு ‘இன்டர்ஃபெரான்’ என்று பெயரிட்டார்கள். ஜப்பானில் யசுயிச்சி நகானோவும் யசுஹிகோ கோஜிமாவும் முயலின் தோலில் செய்த சோதனைகளில் இதேபோன்ற தடுப்புப் பொருள் ஒன்றை 1954-இலேயே கண்டிருந்தார்கள்.

இன்டர்ஃபெரானைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. செல்கள் அதை மிகமிகக் குறைந்த அளவிலேயே சுரக்கின்றன. பின்லாந்தின் காரி கான்டெல், தானமாகப் பெற்ற ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் வைரஸைத் தொற்றவைத்துப் பல ஆண்டுகள் அதைச் சேகரித்துவந்தார். 1980-ஐ ஒட்டி ஜப்பானின் தடாட்சுகு தனிகுச்சி குழுவும் ஸ்விட்சர்லாந்தின் சார்லஸ் வைஸ்மன் குழுவும் இன்டர்ஃபெரான் மரபணுக்களைப் பிரித்தெடுத்தன. அதன் பிறகே பாக்டீரியாவைக் கொண்டு வேண்டிய அளவு தயாரிக்க முடிந்தது. இன்று இன்டர்ஃபெரான் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். வைரஸை எதிர்ப்பதில் முதல் வகையைச் சேர்ந்த ஆல்ஃபா, பீட்டா ஆகியவையும், 2003-இல் கண்டறியப்பட்ட மூன்றாம் வகையான லாம்ப்டாவும் முன்னிற்கின்றன.

புகுந்தது அந்நியன் என்று தெரிவது எப்படி

வைரஸ் தன் வேலைகளுக்குச் செல்லின் பொருள்களையே பயன்படுத்திக்கொள்கிறது. அதன் மரபுப் பொருளும் நம்முடையதைப் போன்ற ஆர்என்ஏ அல்லது டிஎன்ஏதான். ஆகவே செல்லின் காவலர்கள் சிறுசிறு வேறுபாடுகளை வைத்தே வந்தவரை இனம் காண வேண்டியிருக்கிறது.

அத்தகைய வேறுபாடு ஒன்று ஆர்என்ஏ இழையின் நுனியில் இருக்கிறது. செல் தன் தூது ஆர்என்ஏவை உட்கருவிலிருந்து வெளியே அனுப்புமுன் அதன் முன்நுனியில் ஒரு வேதித் தொப்பியை மாட்டிவிடும். இன்ஃப்ளுயன்சா வைரஸின் மரபு ஆர்என்ஏவுக்கு அந்தத் தொப்பி கிடையாது. நுனியில் 3 பாஸ்பேட்டுகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். செல்லின் திரவப் பகுதியில் உலவும் ரிக்-ஐ என்ற புரதம் இந்த மொட்டை நுனியைத் தேடிப் பிடிக்கிறது. இதை உணர்வி என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது 2004-இல். இதன் உறவினரான எம்டிஏ5, நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏவைப் பிடிக்கும். நம் செல்களில் ஆர்என்ஏ பெரும்பாலும் ஒற்றை இழையாகவே இருக்கும். ஆர்என்ஏ வைரஸ்கள் பிரதியெடுக்கும்போதோ நீண்ட இரட்டை இழைகள் உருவாகிவிடுகின்றன.

டிஎன்ஏவைப் பொறுத்தவரை அது இருக்கும் இடமே துப்பு. நம் டிஎன்ஏ உட்கருவிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் அடங்கியிருக்கிறது. அவற்றுக்கு வெளியே டிஎன்ஏ தென்பட்டால் ஏதோ சரியில்லை என்று பொருள். அதைப் பிடிக்கும் சிகேஸ் என்ற நொதியை அமெரிக்காவில் ஜீஜியன் சென் ஆய்வுக்குழு கண்டறிந்தது. செல் வெளியிலிருந்து விழுங்கும் பொருள்களைச் சோதிக்கவும் ஆள் உண்டு. விழுங்கியவை அடைபடும் பைகளின் சுவர்களில் டோல் வகை ஏற்பிகள் காத்திருக்கின்றன. ஈக்களிலும் எலிகளிலும் இவ்வகை ஏற்பிகளின் பணியைக் கண்டறிந்த ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூஸ் பாய்ட்லர் இருவரும் 2011-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உணர்வி வைரஸைப் பிடித்ததும் செய்தி கைமாறிக்கொண்டே போகிறது. ரிக்-ஐ, மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பில் பதிந்துள்ள மேவ்ஸ் என்ற புரதத்தைத் தூண்டும். தூண்டப்பட்ட ஒரு மேவ்ஸ் அடுத்ததையும் தன்னைப்போல் மாற்ற, அவை சரம்போல் கோத்துக்கொள்கின்றன. சிறு தூண்டல் பெரிய செய்தியாவது இங்கேதான். அங்கிருந்து நொதிகள் வழியே ஐஆர்எஃப்3 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. பாஸ்பேட் ஏறியவை இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் நுழைகின்றன. கூடவே என்எஃப்-கப்பா பி என்ற இன்னொரு புரதமும் உள்ளே போகிறது. இவை இணைந்து இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கான மரபணுவை முடுக்கிவிடுகின்றன. வைரஸ் நுழைந்து சில மணி நேரத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்கு எச்சரிக்கை

சுரந்த இன்டர்ஃபெரான் வைரஸை நேரடியாகத் தொடுவதே இல்லை. அது சுரந்த செல்லின்மீதும் அக்கம்பக்கத்துச் செல்களின்மீதும் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. ஏற்பியின் உள்பக்கம் தயாராக நிற்கும் ஜாக் குடும்ப நொதிகள், ஸ்டாட் என்ற புரதங்களைத் தூண்டிவிடும். அவை உட்கருவுக்குச் சென்று ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகின்றன. வைரஸ் இன்னும் எட்டிப்பார்க்காத செல்கூட இப்படி முன்கூட்டியே கதவைத் தாழிட்டுக்கொள்கிறது.

இந்த மரபணுக்களிலிருந்து வரும் புரதங்கள் ஆளுக்கொரு வேலையைப் பார்க்கின்றன. ஐஎஃப்ஐடிஎம்3, வைரஸின் உறை செல்லின் சவ்வோடு கலப்பதைத் தடுத்து அதைப் பைக்குள்ளேயே அடைத்துவைக்கிறது. பிகேஆர், இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டால் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். வைரஸுக்கும் புரதம் கிடையாது, செல்லுக்கும் கிடையாது. ஆர்என்ஏஸ் எல் என்ற நொதி கண்ணில் படும் ஆர்என்ஏவையெல்லாம் வெட்டிப்போடும். எம்எக்ஸ் புரதம் இன்ஃப்ளுயன்சா வைரஸின் பாகங்களை மடக்கிப் பிடிக்கிறது. ஒரு குறிப்பிட்ட எலி வகை இன்ஃப்ளுயன்சாவுக்குச் சாவதில்லை என்பதை 1962-இல் கவனித்து, இந்தப் புரதத்துக்கு வழிகாட்டியவரும் அதே லிண்டன்மான்தான்.

இந்த நடவடிக்கைகளில் சில செல்லுக்கே கேடு செய்பவை. புரத உற்பத்தி நின்ற செல் நீண்ட நாள் தாங்காது. வைரஸைப் பட்டினிபோட வீட்டு அடுப்பையே அணைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. அதனால் இந்த எச்சரிக்கை சரியான இடத்தில் எழ வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும்.

லாம்ப்டா வகை இங்கே ஒரு நடுவழியைத் தருகிறது. அதற்கான ஏற்பிகள் பெரும்பாலும் மூக்கு, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்பரப்புச் செல்களிலேயே உள்ளன. வைரஸ் வந்து தட்டும் வாசலில் பாதுகாப்பு கிடைக்கிறது. உடல் முழுவதும் அமளி ஏற்படுவதில்லை.

காய்ச்சலும் உடல்வலியும்

தகவல் திசுவோடு நிற்பதில்லை. தொற்றிய செல்கள் கீமோகைன் எனப்படும் வேதிப்பொருள்களையும் கசியவிடுகின்றன. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் இயற்கைக் கொல்லி அணுக்கள் முக்கியமானவை. ஒவ்வொரு செல்லும் தன் அடையாள அட்டைபோல் சில புரதங்களை மேற்பரப்பில் காட்டிக்கொண்டிருக்கும். டி செல்களின் கண்ணிலிருந்து தப்ப, பல வைரஸ்கள் அந்த அட்டையை மறைத்துவிடுகின்றன. அட்டை இல்லாத செல்லைக் கண்டால் கொல்லி அணு அதைத் தீர்த்துக்கட்டும். பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற இன்னொரு வகை, ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் 100-இல் 1-க்கும் குறைவு. ஆனால் இன்டர்ஃபெரான் சுரப்பில் அவற்றை மிஞ்ச வேறு செல் கிடையாது.

இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற தகவல் பொருள்கள் ரத்தத்தில் கலந்து மூளைவரை போகின்றன. அங்கே புரோஸ்டாகிளாண்டின் இ2 உருவாகி, ஹைபோதலாமஸ் உடலின் வெப்ப அளவை உயர்த்திவைக்கிறது. உயர்த்திய அளவை உடல் எட்டும்வரை குளிர் நடுக்கம், எட்டிய பிறகு காய்ச்சல். பாராசிட்டமால் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்தே காய்ச்சலைத் தணிக்கிறது. வைரஸை அது ஒன்றும் செய்வதில்லை.

பசியின்மை, அசதி, அடித்துப்போட்டதுபோன்ற உடல்வலி ஆகியவற்றிலும் பெரும்பங்கு உடலின் சொந்தத் தகவல்களுக்கு உண்டு. ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கு 1990-களிலிருந்து இன்டர்ஃபெரான் ஊசி போடப்பட்டுவந்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் நோயாளிகளுக்குக் குளிரும் காய்ச்சலும் மேல்வலியும் வந்தன. அவர்களுக்கு ஃப்ளூ இல்லை. ஊசியில் இருந்தது அந்த ஒரு புரதம் மட்டுமே.

வைரஸின் எதிர் உத்திகள்

மனிதரைத் தொற்றும் வெற்றிகரமான வைரஸ் ஒவ்வொன்றிடமும் இந்தத் தகவல் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணியை அறுக்கும் வழி இருக்கிறது. இன்ஃப்ளுயன்சாவின் என்எஸ்1 புரதம் இரட்டை இழை ஆர்என்ஏவைப் போர்த்தி மறைப்பதோடு, ரிக்-ஐ தூண்டப்படுவதையும் தடுக்கிறது. ஹெப்படைட்டிஸ் சி வைரஸின் நொதி மேவ்ஸ் புரதத்தை வெட்டிவிடுகிறது. வெட்டுண்ட மேவ்ஸ் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கழன்று பயனற்றுப்போகிறது. எபோலா வைரஸிடம் இரண்டு கருவிகள் உள்ளன: ஒன்று ஆர்என்ஏவை மறைக்கும், மற்றொன்று ஸ்டாட்1 உட்கருவுக்குள் போவதை மறிக்கும்.

டெங்கு வைரஸின் என்எஸ்5 புரதம் ஸ்டாட்2-ஐப் பிடித்துச் செல்லின் குப்பை அகற்றும் அமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது. மனிதனின் ஸ்டாட்2-ஐ அழிக்கும் இந்தப் புரதத்தால் எலியின் ஸ்டாட்2-ஐ ஒன்றும் செய்ய முடிவதில்லை. சாதாரண எலிகளில் டெங்கு சரியாகத் தொற்றாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். டெங்கு மருந்து, தடுப்பூசி ஆய்வுகளுக்கு இன்டர்ஃபெரான் ஏற்பி நீக்கப்பட்ட எலிகளைத் தேட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

கோவிட்-19 வைரஸ் இரட்டைச் சவ்வுப் பைகளுக்குள் ஒளிந்து பிரதியெடுக்கிறது. அதன் என்எஸ்பி1 புரதம் செல்லின் புரத உற்பத்தியை முடக்குவதால், இன்டர்ஃபெரானுக்கான உத்தரவு பிறந்தாலும் சரக்கு வெளியே வருவதில்லை. ஓஆர்எஃப்6 என்ற புரதமோ உட்கருவின் வாயில்களை அடைத்துக்கொள்கிறது.

நேரம் தவறினால்

தொற்றின் முதல் மணி நேரங்களை மனிதரிடம் கவனிப்பது அரிது. காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போவதற்குள் அந்தக் கட்டம் கடந்துவிடும். பிரிட்டனில் 2021-இல் தொடங்கிய ஒரு சோதனை இந்தக் குறையைப் போக்கியது. இளவயதுத் தன்னார்வலர்கள் 36 பேரின் மூக்கில் மிகச் சிறிய அளவு கோவிட் வைரஸ் வேண்டுமென்றே விடப்பட்டது. 18 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. சராசரியாக 40 மணி நேரத்தில் தொண்டையிலும் 58 மணி நேரத்தில் மூக்கிலும் வைரஸ் தென்பட்டது. சுமார் 5-ஆம் நாள் அதன் அளவு உச்சத்தைத் தொட்டது. அதே திட்டத்தைச் சேர்ந்த 16 பேரின் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. யாரிடம் தொற்று வந்த சுவடு தெரியாமல் மறைந்ததோ அவர்களின் மூக்கில் நோய்த்தடுப்பு அணுக்கள் சீக்கிரமே வந்து கூடியிருந்தன. தொற்று நிலைத்தவர்களிடம் அவை தாமதமாக வந்தன. இன்டர்ஃபெரானின் தாக்கம் மூக்கில் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் தெரிந்தது. வாசலில் வைரஸ் ஓசைப்படாமல் பெருகிக்கொண்டிருக்க, ஊரெல்லாம் செய்தி பரவியிருந்தது.

குழந்தைகளின் மூக்கு இந்த விஷயத்தில் முந்திக்கொள்கிறது. ரிக்-ஐ, எம்டிஏ5 போன்ற உணர்விகள் அவர்களின் மேல் மூச்சுப்பாதைச் செல்களில் பெரியவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2021-இல் காட்டியது. கோவிட் குழந்தைகளை அதிகம் வாட்டாததற்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

தகவலே போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதும் கோவிட் காலத்தில் தெரிந்தது. பால் பஸ்டார்ட், ஷான்-லோரான் கசனோவா உள்ளிட்ட பன்னாட்டுக் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில் அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். அறிகுறியே இல்லாமலோ லேசாகவோ தொற்று வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. இத்தகைய எதிர்ப்பொருள்கள் முதுமையில் கூடுவது அடுத்து வந்த ஆய்வுகளில் தெரிந்தது. வயதானவர்களைக் கோவிட் கடுமையாகத் தாக்கியதற்கு ஒரு விளக்கம் இதில் கிடைத்தது.

சிகிச்சையிலும் நேரமே முன்னிற்கிறது. உலக சுகாதார அமைப்பின் ‘சாலிடாரிட்டி’ ஆய்வில், ஏற்கெனவே மருத்துவமனையில் சேர்ந்துவிட்டவர்களுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா கொடுத்தும் பலனில்லை. பெரும்பாலும் பிரேசிலில் நடந்த மற்றோர் ஆய்வில், அறிகுறி தொடங்கிய 7 நாட்களுக்குள் இன்டர்ஃபெரான் லாம்ப்டா ஊசி ஒன்றே ஒன்று போடப்பட்டது. மருத்துவமனையில் சேரவோ அவசர சிகிச்சையில் நெடுநேரம் இருக்கவோ நேர்ந்தவர்கள் அந்தப் பிரிவில் 2.7 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்ட பிரிவில் 5.6 சதவீதம் என்று 2023-இல் முடிவு வெளியானது.

அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை அது சுமார் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் கிடைக்கவில்லை. பிந்திய கட்டத்தில் நுரையீரலைக் கெடுப்பது பெருமளவுக்கு அடங்காத அழற்சி. முந்திய கட்டத்திலோ அதே தகவல்கள்தான் வைரஸைப் பிடித்துவைத்திருக்கின்றன. காய்ச்சல் கண்ட முதல் நாளே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவது தவறாவதற்குக் காரணம் இதுவே.

கைமாற்றமும் ஓய்வும்

பிறவி நோய்த்தடுப்பின் கடைசி வேலை பொறுப்பைக் கைமாற்றுவது. தொற்றிய இடத்தில் வைரஸின் துணுக்குகளைச் சேகரித்த டென்ட்ரிட்டிக் செல்கள் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போகின்றன. இன்டர்ஃபெரான் அவற்றைத் தூண்டுவதோடு, அந்த வழியே போகும் நிணநீர் அணுக்களைச் சில நாட்கள் முடிச்சுகளிலேயே நிறுத்தியும் வைக்கிறது. தொற்றின் தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனையில் இவ்வணுக்களின் எண்ணிக்கை குறைந்து காணப்படுவதற்கு இது ஒரு காரணம். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது, முடிச்சுக்குள் நடக்கும் இந்தக் கூட்டத்தின் வெளி அடையாளம். பொருத்தமான டி செல்களும் பி செல்களும் அங்கே தேர்வாகிப் பெருகுகின்றன. அடுத்த வாரத்தில் எதிர்ப்பொருள் ரத்தத்துக்கு வருகிறது.

அதற்குள் எச்சரிக்கையை அணைக்கும் புரதங்களும் வேலையைத் தொடங்கியிருக்கும். சாக்ஸ்1, யுஎஸ்பி18 ஆகியவை இன்டர்ஃபெரான் இயக்கிய மரபணுக்களிலிருந்தே வருபவை. ஏற்பியிலிருந்து உள்ளே போகும் தகவலை அவை குறைத்துவிடுகின்றன. தன்னை அணைக்கும் பொத்தானையும் இன்டர்ஃபெரான் தானே தயாரித்துவிடுகிறது.

எச்சரிக்கை அணையாமலே போனால் அதுவே நோய். உடலின் சொந்த டிஎன்ஏ, ஆர்என்ஏ துணுக்குகளை அப்புறப்படுத்தும் மரபணுக்களில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு, எந்த வைரஸும் இல்லாமலே இன்டர்ஃபெரான் சுரந்து மூளையைப் பாதிக்கிறது. ஐகார்டி-கூட்டியேர் நோய் எனப்படுவது இது. லூபஸ் நோயாளிகள் பலரின் ரத்தத்திலும் இன்டர்ஃபெரானின் தடம் ஓயாமல் காணப்படுகிறது. முதல் வகை இன்டர்ஃபெரானின் ஏற்பியை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து 2021-இல் அமெரிக்காவில் லூபஸ் சிகிச்சைக்கு அனுமதி பெற்றது. அதை எடுத்துக்கொண்டவர்களிடம் அக்கி அதிகமாகக் கிளம்பியது ஆய்வுகளிலேயே பதிவானது. சிறுவயதில் சின்னம்மையாக வந்து, பிறகு நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும் வைரஸே அக்கியைக் கிளப்புகிறது.